படத்திலிருப்பவர் யார்? வலைத்தளங்களும் பதிவேட்டுச் சட்டங்களும்

பதிவேடு என்பது தமிழர்க்குப் புதியதன்று. உத்தரமேரூர்க் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, குடவோலை முறையில் ஊர்ச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 35 வயதுக்கு மேற்பட்டும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும் என்கிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர் என்றும் கூறுகிறது. வயது என்ன? கணக்கு எங்கே? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொதுவாழ்வின் வாசலில் இவ்விரு வினாக்களும் நின்றன.

இன்றும் நம் கண்முன்னே அவ்வினாக்கள் நிற்கின்றன. நெய்வேலி நகரியத்திலிருந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் பலருடைய தந்தையர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பணிபுரிபவர்கள். 1957ஆம் ஆண்டு மே மாதம் பண்டித நேரு தொடங்கி வைத்த அச்சுரங்கத்தில் எவரும் நினைத்தவுடன் நுழைந்து வேலை செய்துவிட முடியாது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, வேலைக்கு வரும் ஒவ்வொருவருடைய பெயர், வயது, வேலையின் தன்மை, சேர்ந்த நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அவரவர் கையொப்பமோ கைரேகையோ பெற வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம், பயிற்சியாளர்க்கு மட்டும் விலக்குத் தந்து, 18 வயது நிறையாதவர் சுரங்கத்தில் பணிபுரிதல் கூடாது என்றது. 2025 நவம்பரில் புதிய தொழிற்சட்டத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் அதனுள் இருந்த நீதி எளிமையானது: ஆபத்தான இடத்துக்கு ஒருவரை அனுப்புமுன், அவர் யார், வயது என்ன, அவர் இசைவு உண்டா என்று கேட்டு எழுதி வைப்பது அனுப்புகிறவர் கடமை. வேலைக்கு வந்தவர் பின்னர் ஓடியோடி மெய்ப்பிக்க வேண்டியதன்று.

இதே வினாக்களை வேறோர் இடத்தில் கேட்டுப் பார்ப்போம். கைப்பேசியில் எடுக்கப்பட்ட அந்தரங்கக் காட்சியொன்றை யாரோ ஒருவர் ஒரு வலைத்தளத்தில் ஏற்றுகிறார். சில நொடிகளில் உலகெங்கும் அது தெரிகிறது. அதிலிருப்பவர் யார்? அவருக்கு வயது என்ன? அவர் சம்மதித்தாரா? ஏற்றும் வேளையில் இவற்றைக் கேட்டு எழுதி வைக்கும் பொறுப்பு யாருடையது? இதற்கு உலகச் சட்டங்கள் கூறும் விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளைக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று சிலர் ஐயுறலாம். மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கைப்பேசி இருக்கிறது. ஒவ்வொரு கைப்பேசியிலும் படக்கருவி இருக்கிறது. எனவே இது நம் ஒவ்வொருவரையும் தொடும் செய்தியே. கூச்சத்தால் வாய்மூடி இருப்பது குற்றவாளிக்கே துணைபுரியும்.

அமெரிக்கச் சட்டம் பிறந்த கதை

வயது வந்தோரின் பாலியல் காட்சிகளைப் படமாக்கி விற்பது அமெரிக்காவில் சட்டத்துக்கு உட்பட்ட தொழில். ஆனால் 18 வயது நிறையாதவரை அதில் ஈடுபடுத்துவது கடுங்குற்றம். 1986இல் அங்கு ஒரு பெரும் அதிர்ச்சி ஏற்பட்டது. பல படங்களில் நடித்துப் புகழ்பெற்றிருந்த நடிகை ஒருவர், அவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் 18 வயது நிறையாத நிலையிலேயே நடித்தார் என்பது வெளிப்பட்டது. போலிச் சான்றைக் கொண்டு அவர் நுழைந்திருந்தார். தங்களுக்கு வயது தெரியாது என்றனர் படம் எடுத்தவர்கள். அதே ஆண்டு அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் அமைத்த ஆணையம், நடிப்பவரின் வயதைச் சான்று பார்த்துப் பதிவு செய்யும் கடமையைத் தயாரிப்பாளர் மேல் சுமத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1988இல் அது சட்டமாயிற்று. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 2257ஆம் பிரிவு என்று அதனைக் குறிப்பிடுவர்.

அச்சட்டம் கேட்பவை யாவை? முதலாவது, காட்சியில் தோன்றும் ஒவ்வொருவருடைய புகைப்பட அடையாளச் சான்றையும் தயாரிப்பாளர் நேரில் பார்க்க வேண்டும். இரண்டாவது, அவருடைய உண்மைப் பெயர், பிறந்த தேதி, இதற்குமுன் வழங்கிய வேறு பெயர்கள் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, சான்றின் நகலையும் படத்தின் நகலையும் சேர்த்து வைத்து, பெயரைச் சொன்னால் உடனே எடுக்கத்தக்க வகையில் அட்டவணை செய்ய வேண்டும். நான்காவது, பதிவேடுகள் எந்த முகவரியில் உள்ளன என்ற அறிவிப்பைப் படத்தின் ஒவ்வொரு படியிலும் பொறிக்க வேண்டும். வலைத்தளமாயின், அக்காட்சி இணையத்தில் இருக்கும் முகவரியும் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடுகளை 7 ஆண்டுகள் காத்தல் வேண்டும். தவறினால் முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. படத்தில் நடித்தவர் உண்மையில் 25 வயதினராகவே இருந்தாலும், பதிவேடு இல்லையென்றால் அதுவே குற்றம். 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்ததே தவறு என்பது அச்சட்டத்தின் அடிக்கல்.

யாரோ அனுப்பியது, எவர் பொறுப்பு?

1988இல் இச்சட்டம் எழுந்தபோது படம் எடுப்பவர் ஒரு நிறுவனம், அதற்கு அலுவலகம் இருந்தது, அலமாரி இருந்தது. இணையம் வந்தபின் நிலைமை மாறிற்று. எடுப்பவர் ஒருவர், ஏற்றுபவர் வேறொருவர், காட்டுவது மூன்றாவதான ஒரு வலைத்தளம். 2005இல் வந்த விதிகள் வலைத்தளங்களையும் இரண்டாம் நிலைத் தயாரிப்பாளராகக் கொண்டு பதிவேடு கேட்டன. 2006ஆம் ஆண்டுத் திருத்தமோ ஒரு விலக்கையும் எழுதிற்று: பிறர் அனுப்புவதைத் தேர்ந்தெடுக்காமலும் மாற்றாமலும் வெறுமனே சேமித்துக் காட்டும் தளம் 'தயாரிப்பாளர்' ஆகாது.

இந்த விலக்கின் விளைவை எண்ணிப் பாருங்கள். பயனர் அனுப்பும் காட்சிக்குப் பயனரே தயாரிப்பாளர். பதிவேடு வைக்க வேண்டியவரும் அவரே. ஆனால் முகமறியாப் பெயரில், எங்கிருந்தோ அனுப்பும் ஒருவர் எந்த அலமாரியில் பதிவேடு வைத்திருக்கப் போகிறார்? சட்டம் இருந்தது, கேட்பவர் இல்லை. சுரங்க வாசலில் பதிவேடு ஒன்றை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, வருபவர் விரும்பினால் எழுதிக்கொள்ளட்டும் என்று எழுத்தர் எழுந்து போய்விட்டது போன்றதே அது.

2020 டிசம்பர் 4ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்த கட்டுரையொன்று இதன் கொடுமையை உலகறியச் செய்தது. கனடாவில் அலுவலகம் கொண்ட மிகப் பெரிய தளமொன்றில், சிறுமியரின் காட்சிகளும் சம்மதமின்றி ஏற்றப்பட்ட காட்சிகளும் இருந்ததையும், நீக்கச் சொல்லிக் கெஞ்சியும் அவை மீண்டும் மீண்டும் முளைத்ததையும் அக்கட்டுரை எடுத்துக் காட்டிற்று. ஒரு வாரத்துக்குள் மாஸ்டர்கார்டு, விசா ஆகிய கடனட்டை நிறுவனங்கள் அத்தளத்தில் தம் அட்டைகள் செல்லாது என அறிவித்தன. அடுத்த சில நாட்களில், அடையாளம் சரிபார்க்கப்படாதோர் ஏற்றிய காட்சிகளையெல்லாம் அத்தளம் முடக்கிற்று. ஒரு கோடிக்கு மேலிருந்த காட்சிகளின் தொகை 50 லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று.

2021 அக்டோபர் 15 முதல் மாஸ்டர்கார்டு ஒரு விதியை நடைமுறைப்படுத்திற்று. ஏற்றுபவர் மட்டுமன்றி, காட்சியில் தோன்றும் ஒவ்வொருவருடைய வயதும் அடையாளமும் ஆவணத்தால் மெய்ப்பிக்கப்பட வேண்டும்; வெளியிடுமுன் காட்சியைப் பார்வையிட வேண்டும்; புகார் வந்தால் 7 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். இவை இல்லாத தளத்துக்குப் பணம் வராது. சட்டமன்றம் விட்ட இடைவெளியைப் பணம் வசூலிக்கும் நிறுவனம் அடைத்தது விந்தையே. எனினும் வணிக நிறுவனத்தின் விதி நீதிமன்றத்தின் விதியாகாது. இன்று இருக்கும், நாளை மாறும்.

பின்னர் கனடாவின் தனியுரிமை ஆணையர் இத்தளத்தைப் பற்றிய ஆய்வு முடிவை 2024 பிப்ரவரியில் வெளியிட்டார். தன் முன்னாள் நண்பர் ஏற்றிய காட்சியால் துன்புற்ற ஒரு பெண்ணின் புகாரிலிருந்து எழுந்த ஆய்வு அது. காட்சியில் இருப்பவரைக் கேளாமல், ஏற்றியவர் சொன்ன சொல்லையே சம்மதமாகக் கொண்டது தவறு என்பது அவர் முடிவு. பதிவேட்டின் உயிர்நாடி இதுவே. கேட்க வேண்டியது கொண்டு வந்தவரை அன்று, படத்தில் இருப்பவரை.

நம் நாட்டு நிலை

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவைப் போன்ற பதிவேட்டுச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. அங்கே அத்தொழில் அனுமதிக்கப்பட்டது; ஆகவே ஒழுங்குபடுத்தப் பதிவேடு வேண்டியிருந்தது. இங்கே வெளியிடுவதே குற்றம். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாசமானவற்றை மின்வடிவில் வெளியிடுவதைத் தண்டிக்கிறது. 2008இல் நிறைவேறி 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மேலும் சில பிரிவுகளைச் சேர்த்தது. 66இ பிரிவு, ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதையும் அனுப்புவதையும் பற்றியது. 3 ஆண்டு வரை சிறை. 67ஏ பிரிவு பாலியல் செயலைக் காட்டும் காட்சிகள் பற்றியது. முதல் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும். 67பி பிரிவு குழந்தைகள் பற்றியது.

முற்றாகத் தடைசெய்துவிட்டால் பதிவேடு எதற்கு என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கல். தடைசெய்த பொருள் வராமலா இருக்கிறது? வருகிறது. வரும்போது வாசலில் பெயர் கேட்பவர் எவருமில்லை. அமெரிக்கச் சட்டம் வெளியிடுமுன் கேட்கிறது. நம் சட்டம் வெளியிட்டபின் தண்டிக்கிறது. இடைப்பட்ட காலத்தில் படத்திலிருப்பவர் படும் பாடு கொஞ்சமன்று.

2004ஆம் ஆண்டின் இறுதியில் டில்லியில் நடந்தது இதனை முதன்முதலில் உணர்த்திற்று. பள்ளி மாணவர் இருவரின் அந்தரங்கக் காட்சியை, வேறொரு மாணவர் பாசீ டாட் காம் என்னும் ஏல வலைத்தளத்தில் விற்பனைக்கு வைத்தார். தளத்தின் தலைவர் கைது செய்யப்பட்டார். நெடுநாள் நடந்த வழக்கில், நிறுவனத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவராகச் சேர்க்காமல் அலுவலர் மேல் மட்டும் வழக்கு நடத்த இயலாது என 2012இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இதற்கிடையில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 79ஆம் பிரிவை மாற்றி எழுதிற்று. பிறர் அனுப்புவதைக் காட்டும் தளம், தக்க கவனத்துடன் நடந்துகொண்டால், அதன்மேல் குற்றமில்லை. அந்தத் 'தக்க கவனம்' என்பது யாது என்பதை விளக்குபவையே 2021 பிப்ரவரி 25இல் வெளியான இடைநிலையாளர் விதிகள்.

அவ்விதிகளில் நாம் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. ஒன்று, தன் அந்தரங்கப் படம் தளத்தில் இருப்பதாக ஒருவரோ அவர் சார்பில் மற்றொருவரோ முறையிட்டால், தளம் அதனை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என விதி வகுக்கப்பட்டது. பின்னர் வந்த திருத்தம் இக்கால அளவை மேலும் சுருக்கிற்று. இதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. இரண்டு, நீக்கிய காட்சியையும் அதனோடு தொடர்புடைய விவரங்களையும் விசாரணைக்கென 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும். கணக்கை மூடிக்கொண்டு ஓடியவருடைய பதிவு விவரங்களையும் அவ்வாறே காக்க வேண்டும். மூன்று, தளத்தின் குறைதீர் அலுவலர் செவிசாய்க்காவிடில், 2023இல் அமைக்கப்பட்ட மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாட்களுக்குள் செல்லலாம்.

நம் நாட்டில் உள்ள 'பதிவேடு' இந்த 180 நாள் பதிவேடுதான். அது படத்திலிருப்பவரின் சம்மதத்தைக் காட்டும் பதிவேடு அன்று. ஏற்றியவரின் தடத்தைக் காட்டும் பதிவேடு. அதற்கும் ஆயுள் ஆறு மாதமே. ஆகவே வெட்கத்தாலோ அச்சத்தாலோ காலந்தாழ்த்துவோர் தடயத்தையே இழக்க நேரிடும் என்பதை நாம் உணர வேண்டும்.

சென்னை காட்டிய வழி

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனியிடம் உண்டு. 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் முதன்முதலாகத் தண்டனை வழங்கப்பட்டது சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில்தான். மணமுறிவு பெற்ற பெண்ணொருவரின் பெயரில் பொய்யான மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, யாகூ குழுவொன்றில் அவரைப் பற்றி இழிவான செய்திகளை ஒருவர் பரப்பினார். முன்பின் அறியாதோரெல்லாம் அப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை தந்தனர். 2004 பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். மும்பையில் குற்றவாளி பிடிபட்டார். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் தீர்ப்பு. 67ஆம் பிரிவின்கீழ் 2 ஆண்டு கடுங்காவல். மின்ஆவணங்களும் இணைய நிலைய உரிமையாளர்களின் சாட்சியமும் வழக்கை நிலைநாட்டின. புகார் உடனே வந்தது; தடயம் அழியுமுன் எடுக்கப்பட்டது. ஓராண்டுக்குள் நீதி கிடைத்ததன் இரகசியம் இதுவே.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மற்றொரு வழக்கு வந்தது. பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கக் காட்சிகள் பல தளங்களில் பரவியிருந்தன. 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு ஆணையிட்டார். நீக்கியும் அவை மீண்டும் வேறு தளங்களில் தோன்றின. இத்தகைய நிலையில் சிக்கும் பெண் எங்கே செல்ல வேண்டும், எவ்வாறு முறையிட வேண்டும் என்பதற்கு வழிமுறை வகுக்குமாறு நீதிமன்றம் கேட்டது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அதற்கான செயல்முறையை வெளியிட்டது. சட்டம் படித்த ஒருவருக்கே உயர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது என்றால், சட்டம் அறியாத கிராமத்துப் பெண்ணின் நிலை என்ன என்று சிந்திக்க வேண்டும்.

சம்மதம் ஒன்றன்று, இரண்டு

சம்மதம் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. 'அவரே தந்த படந்தானே, அனுப்பினால் என்ன?' என்று கேட்போர் உளர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இதற்குத் தெளிவான விடை தருகிறது. படமெடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லையெனில், காட்டுவது குற்றமே. எடுக்கச் சம்மதம் வேறு. பரப்பச் சம்மதம் வேறு. பழைய தண்டனைச் சட்டத்தில் 2013ஆம் ஆண்டிலேயே இக்கருத்து இடம்பெற்றுவிட்டது.

வயது பற்றிய செய்தி இதனினும் கடுமையானது. முதலாண்டு வகுப்பில் சேரும்போது நம்மில் பலர்க்கு 17 வயதே. சட்டத்தின் கண்ணில் 18 நிறையாதவர் குழந்தை. அவர் தாமே எடுத்து மனமுவந்து அனுப்பிய படமாயினும், பெற்று வைத்திருப்பவர் போக்சோ சட்டத்தின் பிடியில் சிக்க நேரும். குழந்தையின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

இதில் ஐயம் இருந்தது. சென்னையில் எழுந்த ஒரு வழக்கு அதனைத் தீர்த்தது. கைப்பேசியில் இத்தகைய காட்சிகளை இறக்கி வைத்திருந்த இளைஞர் மேல் அம்பத்தூரில் வழக்குப் பதிவாயிற்று. பிறர்க்கு அனுப்பாமல் தனிமையில் பார்த்தது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் குற்றமாகலாம் என்றது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையும் விடுத்து, 'குழந்தைப் பாலியல் சுரண்டல், வன்கொடுமைப் பொருள்' என்றே வழங்க வேண்டும் என்றும் அறிவுறுத்திற்று. பெயர் மாறினால் பார்வையும் மாறும். அது பொழுதுபோக்கு அன்று, ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் சான்று.

பதிவேட்டின் மறுபக்கம்

இவ்வளவும் படித்தபின், 'அப்படியானால் நம் நாட்டிலும் எல்லாரையும் பதிவு செய்யட்டும்' என்று சொல்லத் தோன்றும். அவசரப்படலாகாது. பதிவேடு இருமுனைக் கத்தி. உண்மைப் பெயர், பிறந்த தேதி, சான்றின் நகல் ஆகியவை ஓரிடத்தில் குவிந்தால், அவை தீயவர் கையில் சிக்கவும் கூடும். அமெரிக்காவிலேயே 2257ஆம் பிரிவை எதிர்த்துப் பல்லாண்டுகள் வழக்கு நடந்தது. நீதிமன்ற வாரண்டு இல்லாமல் அதிகாரிகள் வந்து பதிவேடுகளைச் சோதிக்கலாம் என்ற பகுதி அரசியலமைப்புக்கு முரணானது எனப் பிலடெல்பியாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் கூறிற்று. நம் உச்ச நீதிமன்றமும் 2017 ஆகஸ்ட் 24இல் தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்துள்ளது. முன்னர்க் கூறிய 2025ஆம் ஆண்டுச் சென்னை வழக்கில், காவல்துறை ஆவணங்களில் அப்பெண்ணின் பெயர் இடம்பெற்றிருந்ததைக் கண்டித்து, அதனை நீக்குமாறு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மானத்தைக் காக்க எழுதப்படும் ஏடே மானத்தை வாங்கிவிடலாகாது.

ஆகவே நல்ல பதிவேடு எது? தேவையானதை மட்டும் கேட்பது, கேட்டதைப் பூட்டி வைப்பது, படத்திலிருப்பவரையே கேட்பது, அவர் பின்னர் மனம் மாறி 'வேண்டாம்' என்றால் அதையும் எழுதி மதிப்பது. இந்நான்கும் அமைந்த சட்டம் ஒன்றை நம் நாடு இனிமேல்தான் ஆக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

அதுவரை நாம் என்ன செய்வது? நமக்கோ நம் தோழியர்க்கோ இத்தகைய துன்பம் நேர்ந்தால், நாமே ஒரு பதிவேடு தொடங்குதல் வேண்டும். ஒரு தாளில் நாள், நேரம், காட்சி இருக்கும் வலைமுகவரி, ஏற்றியவர் கணக்கின் பெயர், மிரட்டல் வந்த எண் ஆகியவற்றை எழுதுக. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் காக்க. கைப்பேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம்; 2023ஆம் ஆண்டுப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்ஆவணத்தின் நகலுக்குச் சான்றிதழ் வேண்டும்; மூலக் கருவி கையில் இருந்தால் வழக்கு வலுப்பெறும். ஆனால் படத்திலிருப்பவர் 18 நிறையாதவராயின் நகல் எடுக்கவே கூடாது. 'சான்றுக்காக' என்று நண்பர்க்கு அனுப்பவும் கூடாது. முகவரியை மட்டும் எழுதிக் காவல்துறையிடம் தருக.

அடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, அனுப்பிய நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்க. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் தராமலும் தெரிவிக்கலாம். 1930 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. கடலூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவியையும் நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு.

அறிவியலும் ஒரு கருவி தந்துள்ளது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்னும் சேவை, படத்தை வாங்கிக்கொள்வதில்லை. நம் கைப்பேசியிலேயே அப்படத்தின் 'எண் கைரேகை' ஒன்றைக் கணித்து, அவ்வெண்ணை மட்டும் பெறுகிறது. அதில் சேர்ந்துள்ள தளங்களில் அதே கைரேகையுள்ள படம் ஏறினால் அடையாளம் காணப்பட்டுத் தடுக்கப்படும். பெயர் இல்லை, முகம் இல்லை; எண் மட்டுமே உள்ள பதிவேடு அது. 18 வயது நிறைந்தோர்க்கு உரியது. அதற்குக் கீழ்ப்பட்டோர்க்கு இதுபோன்ற தனிச் சேவை 2023இல் தொடங்கிற்று.

இவையெல்லாம் துன்பம் நேர்ந்தபின் செய்பவை. நேராமல் தடுக்கும் ஆற்றல் நம் விரல்நுனியில் இருக்கிறது. குழுவில் வந்து விழும் காட்சியை அடுத்தவர்க்கு அனுப்புமுன் ஒரு கணம் நின்று, 'இவர் யார்? வயது என்ன? நான் பார்ப்பதற்கு இவர் சம்மதித்தாரா?' என்று கேட்போமானால் போதும். விடை தெரியவில்லையெனில் அதனை அனுப்பும் உரிமை நமக்கில்லை. வலைத்தளத்தின் வாசலில் எழுத்தர் இல்லாவிட்டாலும், நம் மனத்தின் வாசலில் ஒருவரை அமர்த்திக்கொள்வது நம்மால் இயலும்.

நிலக்கரி வெட்டுமிடத்தில் ஒரு மனிதனின் வயதையும் இசைவையும் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று கருதிய நாடு இது. அவனுடைய மகளின் முகத்தை உலகத்துக்கே காட்டுமிடத்தில் அவ்வளவு அக்கறையேனும் வேண்டாமா? சட்டம் பயிலப் போகும் நண்பர்களும், கணிப்பொறித் துறையில் நுழையப் போகும் நண்பர்களும், நாளை ஆசிரியராகி மாணவியரின் கண்ணீரைக் கேட்கப் போகும் நண்பர்களும் இவ்வினாவை உடன் எடுத்துச் செல்வார்களாக.